நெஞ்சுவலியை ‘கேஸ்’ என்று அனுப்பிவிட்டார்கள், அப்பா இறந்துவிட்டார்: நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: லேத் பட்டறை நடத்திவந்த என் அப்பாவுக்கு (52) இரவு 11 மணிக்கு நெஞ்சுவலி, வியர்வை. தனியார் மருத்துவமனையில் ‘கேஸ் தொல்லை’ என்று ஊசி போட்டு, ஈசிஜி எடுக்காமலே அனுப்பிவிட்டார்கள். விடியற்காலை 5 மணிக்கு வேறு மருத்துவமனையில் சேர்த்தோம். மாரடைப்பு என்றார்கள், 8 மணிக்கு இறந்துவிட்டார். பிரேதப் பரிசோதனை செய்யவில்லை. 14 மாதம் ஆகிறது. முதல் மருத்துவமனையின் ஓபி சீட்டும் பில்லும்தான் கையில் இருக்கின்றன. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர 2 ஆண்டுதான் கெடு; உங்களுக்கு மிச்சம் 10 மாதம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலோ மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுத்தாலோ இந்தக் கெடு நிற்காது. கவுன்சில் முடிவு வரட்டும் என்று காத்திருந்து காலம் கடந்துபோன குடும்பங்கள் உண்டு. கவுன்சில் டாக்டர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம், நஷ்டஈடு தராது.

நோயைத் தவறாகக் கணித்தார் என்பது மட்டும் அலட்சியம் ஆகாது. தேவையான பரிசோதனைகளைச் செய்தும் ஒரு டாக்டர் தவறலாம். அதற்குச் சட்டம் அவரைத் தண்டிக்காது. சராசரித் திறமையுள்ள வேறு டாக்டர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்பதே அளவுகோல். நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட நடைமுறை. உங்கள் வழக்கின் உயிர்நாடி ‘கேஸ்’ என்று சொன்னதில் இல்லை, எடுக்காத அந்த ஈசிஜியில் இருக்கிறது.

ஓபி சீட்டின் அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. வெளிநோயாளியாக வந்துபோனவருக்கு அந்தச் சீட்டே சாட்சி. அதில் நேரம், ரத்த அழுத்தம், போட்ட ஊசியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்துக்கடை பில்லில் அச்சாகும் நேரமும் உதவும். ‘ஈசிஜி எடுக்கச் சொன்னோம், அவர்கள்தான் மறுத்தார்கள்’ என்பது எதிர்த்தரப்பு வழக்கமாகச் சொல்லும் பதில். மறுத்திருந்தால் அதைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது மருத்துவமனைக்கு இந்த வாரமே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். முழு கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்புகள், ஈசிஜி, ட்ரோபோனின் (இதயத் தசை சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவு, இறப்புக்கான காரணச் சான்று எல்லாம் வேண்டும். 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஈசிஜி பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சாவது, நாளடைவில் மங்கிவிடும். லேமினேட் செய்தால் சூட்டில் கறுத்துப்போகும். கைக்கு வந்த அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

பிரேதப் பரிசோதனை இல்லாத குறையை இந்த ஆவணங்கள்தான் ஈடுகட்டும். 5 மணி ஈசிஜியில் ஆழமான ‘க்யூ’ அலைகள் பதிவாகியிருந்தால், அடைப்பு பல மணி நேரத்துக்கு முன்பே தொடங்கியது என்று இதயநோய் நிபுணர் சொல்ல முடியும். அவரிடம் இரண்டே கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: இரவு 11 மணிக்கு ஈசிஜி எடுத்திருக்க வேண்டுமா? அப்போதே சிகிச்சை தொடங்கியிருந்தால் பிழைக்க வாய்ப்பு எவ்வளவு? பலரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். தவறு நடந்தது நிரூபணமாகியும், அந்தத் தவறால்தான் சாவு என்று காட்ட முடியாமல் வழக்குகள் தோற்பது இதனால்தான். உள்ளூர் டாக்டர்கள் தயங்கினால் வேறு மாவட்டத்தில், ஓய்வுபெற்ற மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரை அணுகலாம். எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-இல், மலேரியாவை டைபாய்டு என்று சிகிச்சை செய்து ஒரு பெண் இறந்த வழக்கில் சொன்னது. இருந்தாலும் அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் தொகையைப் பொறுத்ததல்ல, மருத்துவமனைக்குக் கட்டிய தொகையைப் பொறுத்தது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே இல்லை. வாரிசுச் சான்றில் உள்ள அம்மா, பிள்ளைகள் எல்லோரும் மனுதாரர்களாகச் சேருங்கள். மரணம் நேர்ந்த மருத்துவ வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்ப விதி இடம் தராது, ஆகவே விசாரணைக்குத் தயாராகவே போங்கள்.

எவ்வளவு கேட்பது? விபத்து வழக்குகளின் கணக்கு ஒரு வழிகாட்டி. மருத்துவ வழக்குகளில் அதையே இறுகப் பிடிக்க வேண்டியதில்லை. அப்பாவின் வருமானம் மாதம் 30,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3.6 லட்சம். சுயதொழில் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 10 சதவீதம் சேர்த்து 3.96 லட்சம். சார்ந்திருப்போர் மூவர் என்றால், அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்து 2.64 லட்சம். இந்த ஆண்டுத் தொகையை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள்; 52 வயதுக்கு அந்தப் பெருக்கு எண் 11. ஆக 29.04 லட்சம். இதற்கு மேல் சிகிச்சைச் செலவு, மன உளைச்சல், வட்டி. வருமானத்துக்குப் பட்டறையின் பில் புத்தகம், ஜிஎஸ்டி அல்லது வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் திரட்டி வையுங்கள்.

போலீஸ் புகாருக்கு அப்பட்டமான, கடும் அலட்சியம் தேவை. வேறொரு டாக்டரின் நம்பகமான கருத்தும் வேண்டும். நிபுணர் கருத்து கைக்கு வந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.