மரத்தில் ஒரு விதைப்பானை

அன்புள்ள ஐயா,

அரிசோனாவில் இருக்கும் என் தம்பி ஊருக்கு வந்தபோது ஒரு மரக்கலயம் கொண்டுவந்தான். சின்னச் சின்ன மரத்துண்டுகளை ஒட்டிக் கடைந்தது. அந்தப் பக்கத்துப் பழங்குடிகளின் மண்பானையைப் பார்த்துச் செய்ததாம். அழகுதான், ஆனால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்கிறான். பானை வேலை செய்யாத பானை எதற்கு? இதைப் போலி என்றுதானே சொல்ல வேண்டும்?

– ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

தம்பி சொல்வது சரி, தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆனால் எல்லாப் பானையும் தண்ணீருக்கு என்று யார் சொன்னது? தோள் அகன்று, வாய் மட்டும் இரண்டு விரல் நுழையும் அளவில் இருந்தால் அது விதைப்பானையின் வடிவம். அமெரிக்கத் தென்மேற்கில் வாழும் ஹோப்பி, அகோமா போன்ற புவெப்லோ பழங்குடி மக்கள் அடுத்த விதைப்புக்கான மக்காச்சோளத்தை எலிக்குத் தப்ப வைத்த பாத்திரம்.

அவர்களிடம் குயவர் சக்கரம் கிடையாது. களிமண்ணைக் கயிறு மாதிரி உருட்டி, வளையமாகச் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, பிறகு சுரண்டி வழித்து மெருகேற்றுவார்கள். உங்கள் கலயமும் அப்படி எழும்பியதுதான். ஒரு வளையத்துக்குப் பன்னிரண்டு துண்டு என்றால், ஒவ்வொன்றின் இரு முனையையும் 15 பாகையில் அறுக்க வேண்டும். அரைப் பாகை பிசகினாலும் கடைசித் துண்டு இடைவெளி விட்டுப் பல்லிளிக்கும். இப்படி ஒட்டிய வளையங்களைச் செங்கல் கட்டுப்போல மூட்டு மாற்றி அடுக்கிய பிறகுதான் கடைசல் இயந்திரத்தில் ஏற்றுவார்கள். மண்ணில் சுற்றாமலே வட்டமான பானை, மரத்துக்கு வந்ததும் சுற்ற வேண்டியதாகிவிட்டது.

எனக்கென்னவோ ஒட்டாமல் ஒரே கட்டையில் குடைந்தவைதான் பிடிக்கும். 1970களில் டேவிட் எல்ஸ்வொர்த் என்ற அமெரிக்கர் வளைந்த உளிகளைச் செய்துகொண்டு, சிறு துளை வழியாகக் கட்டையின் உள்ளே முழுவதையும் கடைந்தெடுத்தார். உளி முனை கண்ணுக்குத் தெரியாது. சுவர் மெலிய மெலிய மாறும் சத்தத்தைக் கேட்டுத்தான் வேலை. பச்சை மரத்தில் கடைந்தால், காயும்போது மரத்தின் ஆண்டு வளையம் ஓடும் திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்புறமாக, ஆரப்போக்கில் சுருங்குவதைவிடக் கிட்டத்தட்ட இரட்டிப்பு. வட்ட வாய் லேசாக முட்டை வடிவாகிவிடும். சுவர் எங்கும் ஒரே கனமாக இருந்தால் வெடிக்காமல் பிழைக்கும்.

போலியா என்று கேட்டீர்கள். வடிவத்தை எடுத்தது போலி இல்லை. அம்பாசமுத்திரம் செப்புச் சாமானில் குடமும் அடுப்பும் மரத்தில் கடைந்தவைதானே, அதில் சோறு வேகாது என்று எந்தக் குழந்தையும் அழுததில்லை. எனக்கு உறுத்துவது வேறு. இந்த மாதிரிப் பானைகளில் வரும் கறுப்பு முக்கோணங்களும் படிக்கட்டுக் கோலங்களும் இன்றும் பானை வனையும் மக்களுடையவை. வெறும் அலங்காரமாக அவற்றை ஒட்டிவிட்டு, யாருடையது என்று சொல்லாமல் விற்கிறவர்களும் உண்டு. உங்கள் தம்பி சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்.

அப்புறம், கலயத்தைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். வளையத்தின் மேல் முழுப் பலகையை ஒட்டியிருந்தால், பலகை சுருங்கி விரிய இடமில்லாமல் ஒரு கோடையில் விரிசல் விடும். நான் செய்த முதல் கலயம் மே மாதத்தில் ராத்திரி 'டப்' என்றது, வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வெயில் படாத அலமாரியில் வையுங்கள். வேண்டுமானால் உள்ளே கொஞ்சம் அவரை விதை போட்டு வையுங்கள்.