பிரபலங்கள் தன்பாலீர்ப்பாளரா என்று தெரிந்துகொள்ள ரசிகர்களுக்கு உரிமை இல்லையா?

நாற்பதைக் கடந்தும் திருமணம் செய்துகொள்ளாத ஒரு நடிகரைக் குறிப்பிட்டு, "பொது வாழ்க்கைக்கு வந்துவிட்டவரிடம் இதைக் கேட்க ரசிகர்களுக்கு உரிமை இல்லையா? சட்டமே அனுமதித்துவிட்ட பிறகு சொல்வதில் என்ன தயக்கம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இளைஞராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கெட்ட எண்ணத்தில் கேட்டதாகவும் தோன்றவில்லை. உரிமை இல்லை என்பதே என் பதில். அதைச் சொல்ல நேர்ந்த கதை நான் பெருமைப்படக்கூடியது அன்று.

நான் வழக்கறிஞன் அல்லன். தியாகராய நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுபவன். யாரைப் பற்றி எதைக் கேட்கலாம் என்பதை என் தொழிலின் வழியாகத்தான் என்னால் பார்க்க முடியும். தேர்தலில் நிற்பவர் தாக்கல் செய்யும் படிவம் 26ஐ எடுத்துப் பாருங்கள். சொத்து, கடன், குற்ற வழக்குகள், படிப்பு, மனைவி அல்லது கணவரின் சொத்து என்று பக்கம் பக்கமாக அதில் எழுத வேண்டும். இவை வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னதன் விளைவு அது. நம்மை ஆள வருகிறவரிடமே யாரை விரும்புகிறீர்கள் என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. தினமும் மாலையில் தொடரில் வந்து அழுதுவிட்டுப் போகிறவரிடம் அதைவிட அதிகமாகக் கேட்க நாம் யார்?

"அவர்களே தங்கள் திருமண வீடியோவைக் காசுக்கு விற்கிறார்களே" என்று சிலர் பின்னூட்டத்தில் வருவார்கள். விற்கட்டும். வாசல் திண்ணையை வாடகைக்கு விட்டவன் படுக்கையறைச் சாவியையும் கொடுத்துவிட்டதாக ஆகாது. கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற நம் ஊர் ஆட்டோ சங்கர் எழுதிய வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது பற்றி நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் பத்திரிகையின் பக்கம்தான் நின்றது. பொது ஆவணங்களில் இருப்பதை எழுத யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்றது. அதே தீர்ப்பில்தான், ஒருவருடைய குடும்பம், திருமணம் போன்றவற்றைப் பற்றி அவருடைய சம்மதமின்றி எழுதக் கூடாது, எழுதுவது உண்மையானாலும் பொய்யானாலும், புகழ்ச்சியானாலும் இகழ்ச்சியானாலும் சரி என்றும் சொன்னது. தாமே சர்ச்சையில் குதித்தவருக்கும், பதவியில் இருப்பவரின் பதவி தொடர்பான செயல்களுக்கும் விதிவிலக்கு உண்டு. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது பாலீர்ப்பையும் அதற்குள் சேர்த்தது. ஒரு பிரபலத்தின் மீது பாலியல் தொல்லைப் புகார் வந்தால் அது குற்ற வழக்கு. அதைக் கிசுகிசுவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி என் கதை. யாரென்று கண்டுபிடிக்க முயல வேண்டாம். வேண்டுமென்றே சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு சின்னத்திரை நடிகரின் கணக்கு இருந்தது. ஏழு ஆண்டுகளாக நான்தான் பார்த்தேன். 2023ஆம் ஆண்டு ஆனி மாதக் கடைசி முகூர்த்தம் ஒன்றில், வடபழநிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்தேன். ஜூலை 31க்குள் முடிக்க வேண்டிய வருமான வரிக் கணக்குகள் மலைபோல் கிடக்க, அரை நாள் விடுப்பில் வந்திருந்த நேரம். பக்கத்து இலையில் என் சகலை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "என்ன சகலை, அந்த நடிகர் கணக்கு உங்க ஆபீஸ்லதானே? ஒரு மாதிரினு சொல்றாங்களே, நிஜமா?" எதிர் வரிசையில் ஒருவர் இதற்கென்றே நம் ஊரில் வழங்கும் ஒரு சினிமா நகைச்சுவை வசனத்தைச் சொல்ல, நாலைந்து இலைகள் சேர்ந்து சிரித்தன. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரசத்துக்காகச் சோற்றில் குழி செய்துகொண்டிருந்த நான், தலையை நிமிர்த்தாமல் சிரித்தேன்.

ஒரு வார்த்தை பேசவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கோப்பில் என்னதான் இருந்தது? தயாரிப்பு நிறுவனங்கள் சம்பளத்தில் பிடித்த டி.டி.எஸ். வரி விவரம், கார் கடன் வட்டி, ஆயுள் காப்பீட்டு ரசீது, அவருடைய அம்மாவின் மருத்துவச் செலவு. அவ்வளவுதான். அவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால், இருபத்தாறு வருடம் யாரும் எதுவும் கேட்காத கணக்கெழுத்தாளனிடம், ஒரு பந்தியே பதிலுக்காகக் காத்திருந்த சுகம் இருக்கிறதே, அதை விட மனம் வரவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் அந்தச் சுகம் அரை நிமிடத்தில் போயிருக்கும். அதனால் சிரித்தேன்.

பத்து நாளில் ஒரு யூடியூப் சேனலில் வந்தது. சகலையின் மகனுக்குத் தெரிந்த பையன் நடத்துவது. "அந்த நடிகரின் வரவு செலவைப் பார்ப்பவரிடமே கேட்டோம், சிரிப்புதான் பதில்" என்று, பெயரைச் சொல்லாமல், ஆனால் அவர் நடித்த தொடரின் இசையைப் பின்னணியில் ஓடவிட்டுச் சொன்னார்கள். நம் ஊருக்கு இந்தப் பசி புதிது என்று நான் சொல்ல மாட்டேன். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதியே விற்ற 'இந்து நேசன்' பத்திரிகையின் லட்சுமிகாந்தன் 1944இல் வேப்பேரியில் குத்தப்பட்டு இறந்ததும், அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்து 1947இல் விடுதலையானதும் எங்கள் அப்பா காலத்துப் பேச்சு. அப்போது அச்சடிக்கக் காகிதமாவது வேண்டியிருந்தது.

அந்த நடிகர் மறுப்பு வெளியிடவில்லை. "மறுக்கவில்லையே, அப்போ உண்மைதான்" என்று அதற்கும் ஒரு வீடியோ வந்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இல்லை என்றால் அது ஏதோ அவமானம்போல ஆகிவிடுகிறது. அப்படி இருக்கிற எத்தனையோ பேர் தம்மைத் திட்டியதாகத்தான் அதை எடுத்துக்கொள்வார்கள். ஆம் என்றால் அடுத்த கேள்வி, யாரோடு என்பது. பேசாமல் இருந்தால் அதுவே ஒப்புதல். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் வெட்டுப்படும்படி காயை வைத்துவிட்டு, 'கேட்டதில் என்ன தப்பு' என்கிறோம்.

சட்டம் அனுமதித்துவிட்டதே என்று நீங்கள் சொல்வதும் பாதிதான் சரி. உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6ஆம் தேதித் தீர்ப்பால், வயது வந்த இருவர் விருப்பத்தோடு சேர்ந்திருப்பது 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவில் குற்றமாக இருந்தது நீங்கியது. தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. குடும்பத் தொடரில் மூத்த மருமகன் வேடம் கொடுக்கும் தயாரிப்பாளரையோ, பதினோரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வீட்டுக்காரரையோ எந்தத் தீர்ப்பும் கட்டுப்படுத்தவில்லை. வீடியோ வந்த வாரத்திலேயே அந்த நடிகரின் வீட்டுக்காரர், மகனுக்கு வீடு தேவைப்படுகிறது என்று சொல்லிவிட்டார்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த நடிகரே வந்தார். இரவு எட்டரை மணி, அலுவலகத்தில் நான் மட்டும். டிரைவர் இல்லை, உதவியாளர் இல்லை. ஆடிட்டரிடம் பேசிவிட்டதாகவும், கோப்புகளை எடுத்துக்கொள்ள வந்திருப்பதாகவும் சொன்னார். ஏழு வருடக் கோப்புகளையும் மேசையில் அடுக்கி ஒப்படைப்புப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொரு கோப்பாகத் தொட்டுப் பார்த்து, பென்சிலால் டிக் அடித்தார். வீடு மாறுவதைச் சொன்னபோது அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதைக் கேட்டதும், இவ்வளவுக்குப் பிறகும், என் மனம் அதை வைத்து ஒரு கூட்டல் போட்டுப் பார்த்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கடைசி வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடியபடி கேட்டார்: "சார், நீங்க சிரிச்சீங்களாமே?"

கோபமாகக் கேட்கவில்லை. மருத்துவச் செலவு ரசீதில் ஒன்று குறைகிறதே என்று கேட்கும் அதே குரல்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வரவில்லை. "31ஆம் தேதிக்குள்ள தாக்கல் பண்ணிடுங்க சார், தப்பினா ஐயாயிரம் ரூபா தாமதக் கட்டணம்" என்றேன். தலையசைத்துவிட்டு, கோப்புகளை இரண்டு நடையாகத் தானே சுமந்து காரில் வைத்துக்கொண்டு போனார்.