மனுநீதிச் சோழனை எந்த நூற்றாண்டில் வைத்து எழுதுவது?

கேள்வி: மனுநீதிச் சோழனை நாயகனாக வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன். மூன்று அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. தஞ்சாவூர் அரண்மனை, வானளாவிய கோபுரம், வாசலில் ஆராய்ச்சி மணி என்று கதை தொடங்குகிறது. படித்துப் பார்த்த நண்பர், "இது எந்த நூற்றாண்டு?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எல்லாளனும் இவரும் ஒருவர்தானா? கதைக்கு எந்தக் காலம் பொருந்தும்?

பதில்: முதலில் தஞ்சாவூரைக் காலி செய்யுங்கள். விஜயாலய சோழன் தஞ்சையைப் பிடித்தது கி.பி. 850ஐ ஒட்டி. அதற்கு முன்னால் அது சோழர் தலைநகரம் கிடையாது. பழைய சோழர்களுக்கு உறையூரும் புகாரும்தான் ஊர். கோபுரமும் அப்படித்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டில் கல்வெட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வது 7ஆம் நூற்றாண்டில். வானளாவிய ராஜகோபுரங்கள் அதற்கும் பல நூற்றாண்டு பின்னால் வந்தவை.

அவர் உண்மையில் எப்போது வாழ்ந்தார் என்ற கேள்வியை வைத்துக்கொண்டு தொடங்கினால் நகரவே முடியாது. கன்றுக்காக மகனைக் கொன்ற சோழன் பெயரில் கல்வெட்டோ நாணயமோ அவன் காலத்திலிருந்து நமக்கு வரவில்லை. வந்திருப்பது கதைதான், அதுவும் மூன்று இடங்களில், மூன்று விதமாக. நாவலாசிரியருக்கு இது வசதி. ஆனால் மூன்றையும் கலந்து ஒரே பானையில் போட்டுவிடக் கூடாது. உங்கள் முதல் மூன்று அத்தியாயங்களில் நடந்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

தமிழில் தெளிவாகக் கிடைக்கும் பழைய குறிப்பு சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. பாண்டியன் அவையில் கண்ணகி தன் ஊரைச் சொல்லும்போது, புறாவின் துயர் தீர்த்தவனை முதலில் சொல்லிவிட்டு, அடுத்து இவனைச் சொல்கிறாள்: "வாயிற் கடைமணி நடுநா நடுங்க, ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சு சுடத் தான்தன் அரும்பெறற் புதல்வனை ஆழியின் மடித்தோன்." ஊர் புகார். அரசனுக்கு அங்கே பெயர் இல்லை. அமைச்சர் இல்லை, அற்புதம் இல்லை. மணி, பசு, மகன், சக்கரம், அவ்வளவுதான். பழமொழி நானூறும் கதையை ஒரே வெண்பாவில் முடித்துவிடுகிறது.

நாம் பள்ளியில் படித்த கதை பெரியபுராணத்தில் வருவது. சேக்கிழார் அதைத் திருவாரூரில் வைக்கிறார். அரசன் பெயர் மனு. மகன் மேல் தேரை ஏற்றச் சொல்லி அமைச்சருக்கு ஆணை போகிறது. அவர் அதைச் செய்ய மனமில்லாமல் தன் உயிரை விடுகிறார். அரசன் தானே தேரை ஓட்டுகிறான். இறைவன் தோன்ற, கன்று, மகன், அமைச்சர் மூவரும் எழுகிறார்கள். சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர், 1133 முதல் 1150 வரையான ஆட்சி அது. அவருடைய திருவாரூரில் இருப்பது 12ஆம் நூற்றாண்டுச் சோழ நாட்டின் செழிப்பு. பழைய அரசனுக்கு அவர் தம் காலத்து உடையை உடுத்தியிருக்கிறார். இதில் தப்பே இல்லை, உலகம் முழுக்க நடந்ததுதான். ஏறக்குறைய அதே வருடங்களில், 1136 வாக்கில், இங்கிலாந்தில் ஜெஃப்ரி ஆஃப் மான்மத் என்பவர் ஆர்தர் மன்னனின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். 5, 6ஆம் நூற்றாண்டில் வைக்கப்படும் ஆர்தருக்கு அவரும் தம் காலத்து அரசவையைத்தான் கொடுத்தார். இன்றைக்கும் ஆர்தர் என்றால் நம் கண்முன் வருவது பிற்கால இரும்புக் கவச வீரர்கள்தான்.

மூன்றாவது இலங்கையின் மகாவம்சம். கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டு வாக்கில் பாலி மொழியில் எழுதியது. சோழ நாட்டிலிருந்து வந்த எல்லாளன் அனுராதபுரத்தில் 44 ஆண்டு ஆண்டான் என்கிறது. பொதுவாகச் சொல்லும் கணக்கில் கி.மு. 205 முதல் 161 வரை. நீண்ட கயிறு கட்டிய மணி அவன் கட்டில் தலைமாட்டில் தொங்குகிறது. மகன் திசவாவி ஏரிக்குப் போகும் வழியில் கன்று சாகிறது. அதே சக்கரத்தால் மகன் தலை போகிறது. கடைசியில் வயதான எல்லாளன் யானை மேலிருந்து சிங்கள அரசன் துட்டகைமுனுவோடு தனியாகப் போரிட்டுச் சாகிறான். வென்றவனே அவனுக்கு நினைவிடம் எழுப்பி மரியாதை செய்யச் சொல்கிறான்.

எல்லாளனும் மனுநீதிச் சோழனும் ஒருவரா என்று கேட்டீர்கள். கதை ஒன்று, அரசர்கள் ஒருவர்தான் என்பதற்குச் சான்று இல்லை. நாவலில் ஒருவராக ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் அப்படிச் செய்தால் தேரோடும் தெரு அனுராதபுரத்தில்தான் இருக்க வேண்டும். திருவாரூரில் தொடங்கி அனுராதபுரத்தில் முடித்தால், வாசகர் முதலில் கேட்பது, "மகனைக் கொன்ற ஊரை விட்டு எதற்காகக் கடல் தாண்டினான்?" என்பதுதான். அதற்கு உங்களிடம் நல்ல பதில் இருந்தால் அதுவே வேறொரு நாவல்.

மகாவம்சத்தில் இன்னொரு சம்பவம் இருக்கிறது, தமிழில் அதிகம் பேசப்படாதது. எல்லாளன் தேரில் பிக்குகளை அழைக்கப் போகும்போது நுகத்தின் முனை ஒரு தூபியில் இடித்து, 15 கல் பெயர்ந்துவிடுகிறது. தெரியாமல் நடந்ததுதான். அவன் தேரை விட்டு இறங்கித் தரையில் விழுந்து, என் தலையையும் சக்கரத்தால் வெட்டுங்கள் என்கிறான். அமைச்சர்கள் மறுக்கிறார்கள். எங்கள் ஆசான் புத்தர் பிறருக்குத் துன்பம் செய்ய ஒப்பமாட்டார், தூபியைச் சரிசெய்து கொடுங்கள், போதும் என்கிறார்கள். 15,000 கஹாபணம் (அக்கால நாணயம்) செலவழித்துச் சரிசெய்கிறான். கவனித்தீர்களா? தெரியாமல் கன்றைக் கொன்ற மகனுக்குச் சக்கரம்; தெரியாமல் தூபியை இடித்த அப்பனுக்குப் பழுதுபார்ப்புச் செலவு. அந்த "தலையையும்" என்ற உம்மையில் மகன் நினைவு இருக்கிறது. நான் எழுதுவதாக இருந்தால் அந்த இரவில் அவன் தூங்கினானா என்பதற்கு ஒரு முழு அத்தியாயம் கொடுப்பேன். எந்த மூலத்தை எடுத்தாலும் இதன் சாயலைப் பயன்படுத்தலாம்.

சரி, காலத்துக்கு வருவோம். ஒரு பழங்கதை அரசனுக்கு இரண்டு எல்லைக் கற்களை நட்டுக்கொள்ள வேண்டும்: இதற்கு முன்னால் போகக் கூடாது, இதற்குப் பின்னால் வரக் கூடாது என்று. இங்கே முன் எல்லை அசோகரின் கல்வெட்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அவர் தெற்கே சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று பெயர் சொல்கிறார். அதற்கு முன்னால் சோழர் என்று ஓர் அரசைக் காட்ட நமக்கு எழுத்துச் சான்று இல்லை. பின் எல்லை கண்ணகி. சிலம்பின் கதை, இலங்கை மன்னன் கயவாகுவின் காலத்தை வைத்துச் செய்யும் கணக்கில் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. கண்ணகி இவனைப் பழம்பெருமையாகச் சொல்கிறாள், நேற்று நடந்ததாகச் சொல்லவில்லை. குறைந்தது சில தலைமுறை இடைவெளி வேண்டும். ஆக கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 1ஆம் நூற்றாண்டு வரை. எல்லாளன் காலம் என்று சொல்லப்படுவதும் இதற்குள்ளேயே விழுகிறது.

இந்த முந்நூறு சொச்சம் வருடத்தில் எங்கே நிறுத்துவது? பலர் இந்த இடத்தில் எந்த நூற்றாண்டின் அரண்மனை அழகாக இருக்கும் என்று பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. கதையின் மையச் சம்பவம் ஒரு தேர் விபத்து. எந்தக் காலம் அந்த விபத்துக்கு இயல்பான காரணம் தருகிறதோ அதை எடுங்கள்.

அந்தக் கணக்கில் என் தேர்வு கி.மு. 1ஆம் நூற்றாண்டின் கடைசி, அல்லது கி.பி. 1இன் தொடக்கம், ஊர் புகார். கி.மு. 30இல் எகிப்து ரோமானியர் கைக்கு வந்தபின் செங்கடல் வழி வணிகம் பெருகுகிறது. ஒரே துறைமுகத்திலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல் இந்தியாவுக்குப் புறப்பட்டதாகக் கிரேக்கப் புவியியல் ஆசிரியர் ஸ்டிராபோ எழுதுகிறார். ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து நாணயங்கள் தமிழ்நாட்டில் நிறையக் கிடைத்திருக்கின்றன. துறைமுகத்தில் திடீரென்று பணம் புரளும் காலம் இது. குதிரை நம் ஊர் விலங்கு இல்லை. கொஞ்சம் பிற்பட்ட பட்டினப்பாலை, புகார்த் தெருவில் "நீரின் வந்த நிமிர்பரிப் புரவி" நிற்பதைக் காட்டுகிறது. இப்போது உங்கள் இளவரசனைப் பாருங்கள். கப்பலில் வந்து இறங்கி இன்னும் ஊருக்குப் பழகாத குதிரைகள், ஆளும் மாடும் மூட்டையும் அடைத்துக்கொண்டு நிற்கும் துறைமுகத் தெரு, ஓட்டிப் பார்க்கத் துடிக்கும் பையன். கன்று குறுக்கே வர வேறென்ன வேண்டும்? கிழட்டு அரசன் பழைய உலகத்து ஆள், மகன் புது உலகத்து ஆள் என்ற முரணும் கையோடு கிடைக்கிறது. இதையே 12ஆம் நூற்றாண்டில் வைத்தால் தேரே இடறும். அன்றைய சோழப் படையில் யானையும் குதிரைவீரனும் காலாளும்தான் முக்கியம். தேர் என்றால் கோயில் தேர் நினைவுக்கு வரும்.

தேர் சங்கப் புலவர்களுக்குச் சாதாரணச் சொல். கரிகாலனின் தந்தைக்கு உருவப் பஃறேர் இளஞ்சேட்சென்னி என்றே பெயர், அழகிய தேர் பல உடையவன் என்று. உங்கள் அரசனை அவனுக்கு இரண்டு மூன்று தலைமுறை முன்னால் வைத்தால் தெரிந்த எந்த அரசனோடும் மோதாது. பெயரையும் அந்த வழக்கிலேயே கிள்ளி, சென்னி, வளவன் என்று முடியும்படி வையுங்கள். மனு என்பதைப் பின்னால் வந்தவர்கள் கொடுத்த பட்டமாகக் காட்டலாம்.

அவைக் காட்சிக்குப் புறநானூறு 39ஐ ஒரு முறை படியுங்கள். உறந்தை (உறையூர்) அவையத்தில் அறம் நிலைத்து நிற்கிறது, அதனால் நீ முறை செய்தாய் என்பது உனக்குப் புகழே இல்லை என்கிறார் மாறோக்கத்து நப்பசலையார், கிள்ளிவளவனிடம். நீதி செய்தால் பாராட்டுக்கூடக் கிடைக்காத குடும்பம்! புறாவுக்காகத் துலை ஏறிய முன்னோன் கதையும் அதே பாட்டில் வருகிறது. அந்தச் சுமை தலைமேல் இருக்கும்போதுதான் மணி அடிக்கிறது.

சில்லறைத் திருத்தங்கள். அரண்மனை செங்கல்லும் மரமும் ஓடும். புகாரை அடுத்த கீழையூரில் அகழ்ந்தபோது செங்கல் படகுத்துறையும் மரக் கம்பங்களும் கிடைத்தன, அந்தப் பொருள்களையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து தமிழி என்ற பழைய தமிழ் எழுத்து, ஓலையில் எழுதட்டும், பானையில் கீறட்டும். கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி வேண்டாம், அது ராஜராஜன் தொடங்கிய வழக்கம். தேவாரம் யாரும் பாடக் கூடாது. இரண்டாம் அத்தியாய விருந்தில் மிளகாய் வைத்திருந்தால் எடுத்துவிட்டு மிளகு போடுங்கள்; மிளகாய், தக்காளி, முந்திரி, கொய்யா எல்லாம் போர்ச்சுகீசியர் வந்த பிறகு வந்தவை. செண்டுமல்லி மாலையும் அமெரிக்கச் சரக்குதான். சோழனுக்கு ஆத்தி மாலை இருக்கவே இருக்கிறது.

அமைச்சரை இழக்க மனமில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சேக்கிழாரின் பாத்திரம் என்றாலும், ஆணைக்கும் மனசாட்சிக்கும் நடுவில் மாட்டிய மனிதர் எந்த நூற்றாண்டிலும் பொருந்துவார். இறந்தவர்கள் எழுவதுதான் சிக்கல். அந்த முடிவு உங்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்றால் நான் சொன்ன காலத்தை விட்டுவிட்டு, நேராகச் சேக்கிழாரின் திருவாரூருக்கே போய்விடுங்கள். விட்டவாசல் அருகே இருக்கும் கல் தேரையும் பார்த்துவிட்டு, பக்தி மணக்க எழுதுங்கள். எதார்த்தமான புகாரில் 300 பக்கம் ஓட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் எல்லோரையும் எழுப்பினால் இரண்டு தரப்பு வாசகரும் கோபப்படுவார்கள்.

அப்புறம், அத்தியாயத் தலைப்பில் ஆண்டு போடாதீர்கள். அந்தக் காலத்து மனிதர்களுக்கு அது தெரியாது, நமக்கும் உறுதியாகத் தெரியாது. நூலின் கடைசியில் ஒரு பக்கக் குறிப்பு போதும்: எதை எந்த மூலத்திலிருந்து எடுத்தீர்கள், எது உங்கள் கற்பனை என்று. எல்லாளன் பகுதியைத் தொட்டால் இந்தக் குறிப்பைத் தவிர்க்கவே முடியாது. இலங்கையில் அந்தப் பெயர் இன்றைய அரசியலிலும் புழங்குகிறது.