ராணுவ உதவியும் மனித உரிமையும்: லேஹி சட்டம் பற்றிச் சில கேள்விகள்

வெளிநாட்டுப் படைகளுக்கு அமெரிக்கா தரும் உதவிக்கு மனித உரிமை நிபந்தனை போடும் சட்டங்களைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: லேஹி சட்டம் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

வெர்மான்ட் மாநிலத்திலிருந்து அமெரிக்க செனட்டுக்குத் தேர்வாகியிருந்த பேட்ரிக் லேஹி 1997இல் கொண்டுவந்தது. முதலில் போதைப்பொருள் ஒழிப்புக்கான உதவிக்கு மட்டும் இருந்தது, பிறகு விரிந்தது. ஒரு வெளிநாட்டுப் படைப்பிரிவு கொடிய மனித உரிமை மீறலில் ஈடுபட்டதாக நம்பத்தகுந்த தகவல் இருந்தால், அந்தப் பிரிவுக்குப் பணமோ பயிற்சியோ ஆயுதமோ தரக்கூடாது. சித்திரவதை, நீதிக்குப் புறம்பான கொலை, வலிந்து காணாமல் ஆக்குதல், சீருடையின் அதிகாரத்தில் நடக்கும் பாலியல் வன்கொடுமை, இவைதான் முக்கியமாகப் பார்க்கப்படுபவை. வெளியுறவுத் துறைக்கு ஒன்று, பாதுகாப்புத் துறைக்கு ஒன்று என்று இப்போது இரண்டு சட்டங்கள் இருக்கின்றன.

கேள்வி: 1997க்கு முன்னால் இப்படி எதுவும் இல்லையா, ஐயா?

இருந்தது. வெளிநாட்டு உதவிச் சட்டத்தில் 502பி என்ற பிரிவை 1970களிலேயே சேர்த்தார்கள். தொடர்ந்து மனித உரிமைகளை மிதிக்கும் அரசுக்குப் பாதுகாப்பு உதவி கிடையாது என்பது அதன் சாரம். ஆனால் அது ஒரு நாட்டையே குற்றவாளி என்று சொல்லச் சொல்கிறது. நட்பு நாட்டைப் பார்த்து அப்படிச் சொல்ல எந்த ஜனாதிபதிக்கும் மனம் வராது. அதனால் அது பெரும்பாலும் ஏட்டோடு நின்றது.

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் நடந்ததைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. அங்கே உள்நாட்டுப் போர் நடந்தபோது, மனித உரிமை நிலைமை மேம்படுகிறது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அமெரிக்க ஜனாதிபதி சான்றளித்தால்தான் ராணுவ உதவி தொடரும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிபந்தனை போட்டது. 1981 டிசம்பரில் அமெரிக்கப் பயிற்சி பெற்ற அட்லாகட்ல் படையணி எல் மொசோத்தே என்ற கிராமத்துக்குள் நுழைந்து, அங்கேயும் சுற்று ஊர்களிலும் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றது. உயிர் தப்பிய ரூஃபினா அமாயா என்ற பெண் நடந்ததைச் சொன்னார். 1982 ஜனவரி 27 அன்று இரண்டு பெரிய அமெரிக்க நாளிதழ்கள் செய்தி வெளியிட்டன. மறுநாளே ரீகன் அரசு சான்றிதழ் கொடுத்தது. உதவி நிற்கவில்லை.

1992இல் தேவாலயத்தை ஒட்டிய ஒரு சின்னக் கட்டடத்தைத் தோண்டினார்கள். குறைந்தது 143 பேரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களில் 131 பேர் 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள். கூடவே 245 தோட்டா உறைகள். அவற்றில் 184 உறைகளின் அடிப்பக்க முத்திரையைப் படிக்க முடிந்தது. அமெரிக்க அரசுக்காக மிசூரி மாநிலத்து லேக் சிட்டி ஆலையில் செய்யப்பட்டவை அவை. என்னிடம் யாராவது "அடுத்த நாட்டுக்காரன் செய்வதற்கு உதவி செய்தவன் எப்படிப் பொறுப்பாவான்?" என்று கேட்டால், இந்த உறைகளைத்தான் காட்டுவேன்.

கேள்வி: படைப்பிரிவைச் சோதிப்பது நடைமுறையில் எப்படி நடக்கும்?

ஓர் அதிகாரியைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். அவருடைய பெயர், பிறந்த தேதி, பதவி, எந்தப் பிரிவு, இதெல்லாம் அந்த நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குப் போகும். அங்கே பார்த்து வாஷிங்டனுக்கு அனுப்புவார்கள். பழைய புகார்கள், செய்திகள், மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகள் எல்லாவற்றோடும் ஒப்பிடுவார்கள். நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியதில்லை, நம்பத்தகுந்த தகவல் போதும். எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்த இடம் இதுதான்.

கேள்வி: அப்புறம் ஏன் இத்தனை நாடுகளுக்கு உதவி போய்க்கொண்டே இருக்கிறது?

ஓட்டைகள் இருக்கின்றன. நாடு தன் சொந்தக் காசில் வாங்கும் ஆயுதத்துக்கு லேஹி சட்டம் பொருந்தாது. தளவாடங்களை மொத்தமாக அரசிடம் கொடுத்துவிட்டால், எந்தப் பிரிவின் கைக்குப் போனது என்று பிடிப்பது கஷ்டம். குற்றவாளிகளை நீதியின் முன் நிறுத்த அந்த அரசு பயனுள்ள நடவடிக்கை எடுத்தால் உதவியைத் தொடரலாம் என்ற விதிவிலக்கும் உண்டு. அது நியாயமான விதிதான், ஆனால் பெயருக்கு ஒரு விசாரணை வைத்தாலே போதும் என்று அதிகாரிகள் நினைத்துவிட்டால் அர்த்தமில்லாமல் போகிறது.

எகிப்து விஷயம் வேறு. ஆண்டுக்கு 130 கோடி டாலர் ராணுவ உதவி, அதில் ஒரு பகுதிக்கு மட்டும் தனி நிபந்தனை. தேசப் பாதுகாப்பு நலன் என்று சொல்லி வெளியுறவு அமைச்சர் அந்த நிபந்தனையையும் விலக்கலாம். 2024இல் நிபந்தனைக்கு உட்பட்ட 32 கோடி டாலரும் முழுதாக விடுவிக்கப்பட்டது. சிறையில் இருந்தவர்களின் குடும்பங்கள் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: இலங்கை ராணுவத் தளபதியாக இருந்த சவேந்திர சில்வாவுக்கு அமெரிக்கா தடை போட்டது லேஹி சட்டத்திலா?

இல்லை, நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். 2020 பிப்ரவரியில் வந்தது நுழைவுத் தடை. 2009 இறுதிப் போரில் 58ஆவது டிவிஷன் செய்த மீறல்களுக்கு, அதன் தளபதி என்ற முறையில் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் அமெரிக்காவுக்குள் வர அனுமதி இல்லை என்றார்கள். லேஹி சட்டம் படைப்பிரிவுக்குப் போகும் உதவியைத் தடுக்கும், ஆளின் பயணத்தை அல்ல.

கேள்வி: உதவியை நிறுத்தினால் வேறு நாட்டிடம் வாங்கிக்கொள்வார்கள். என்ன பயன்?

சிலர் வாங்குவார்கள்தான். ஆனால் எப்போதும் அப்படியே நடக்கும் என்பதை நான் ஏற்கவில்லை. 1989 நவம்பரில் அதே அட்லாகட்ல் படையணி ஆறு இயேசு சபைக் குருமாரையும், அவர்கள் வீட்டில் வேலை செய்த பெண்ணையும், அவர் மகளையும் கொன்றது. அதன் பிறகு 1990இல் காங்கிரஸ் எல் சால்வடாருக்கான ராணுவ உதவியில் பாதியை நிறுத்திவைத்தது. 1992 ஜனவரியில் சமாதான உடன்பாடு கையெழுத்தானது. பனிப்போர் முடிந்ததும் போரில் யாரும் ஜெயிக்க முடியாமல் போனதும் பெரிய காரணங்கள், மறுக்கவில்லை. ஆனாலும் பணம் நிற்கும் என்ற பயம் ராணுவத்தைப் பேச்சுவார்த்தைக்குத் தள்ளியதில் பங்கு வகித்தது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: என் உறவினரைப் படையினர் பிடித்துப் போனார்கள், அதன் பிறகு தகவல் இல்லை. எதைக் குறித்து வைக்க வேண்டும்?

உங்கள் வலிக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. "ராணுவம் வந்தது" என்று மட்டும் எழுதினால் இந்தச் சட்டம் அசையாது, அதற்குப் பிரிவின் பெயர் வேண்டும். தோளிலோ தொப்பியிலோ இருந்த சின்னம் என்ன, வண்டி எண் என்ன, எந்த முகாமிலிருந்து வந்தார்கள், யார் உத்தரவு போட்டார், ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிட்டுக்கொண்டார்கள், தேதி, நேரம். சின்னம் நினைவில் இருந்தால் வரைந்து வையுங்கள், கோணலாக இருந்தாலும் சரி. பார்த்தவர்கள் தனித்தனியாக எழுதட்டும், சேர்ந்து பேசி எழுத வேண்டாம். ஒரு பிரதியைப் பாதுகாப்பான வெளியிடத்தில் வையுங்கள். நம்பிக்கையான மனித உரிமை வழக்கறிஞர் ஒருவரிடம் கலந்து பேசி, ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகு மட்டும் வெளியே கொடுங்கள்.