கோசாயிகுண்டம் யாத்திரை: வாசகர் கேள்வி – பதில்

நேபாளத்தின் ரசுவா மாவட்டத்தில், லாங்டாங் தேசியப் பூங்காவுக்குள், 4,380 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கோசாயிகுண்டம் என்ற புனித ஏரி. அங்கே போய்வருவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஆவணி அவிட்டத்தன்று அங்கே பூணூல் மாற்றிக்கொள்ள முடியுமா? அந்த ஏரிக்கு என்ன சிறப்பு?
– வாசகர், கும்பகோணம்

ஆலகால விஷத்தை உண்ட சிவபெருமான், கண்டத்தின் எரிச்சல் தணியத் திரிசூலத்தால் மலையைக் குத்தினார்; அங்கே பீறிட்ட நீரே இந்தக் குண்டம் என்பது ஐதீகம். ஏரியிலிருந்து வழியும் நீர் திரிசூலி ஆற்றில் போய்ச் சேர்கிறது. நீருக்கு அடியில் தெரியும் பாறையைப் பள்ளிகொண்ட ஈசனாகவே கண்டு வணங்குகிறார்கள்.

சிராவண பௌர்ணமியை நேபாளத்தில் ஜனை பூர்ணிமா என்று கொண்டாடுகிறார்கள். நம் யஜுர் உபாகர்மமும் பெரும்பாலும் அதே நாளில்தான் வரும். அன்று புரோகிதர்கள் ஏரிக்கரையில் அமர்ந்து பூணூல் மாற்றிவைப்பார்கள். மணிக்கட்டில் காப்புநூலும் கட்டுவார்கள். இறகு செருகிய தலைப்பாகையோடு தாமாங் இனப் பூசாரிகள் கைப்பறை கொட்டி ஆடிவருவதைப் பார்க்கவே தனியாக ஒரு கூட்டம் வரும். மந்திர முறை நம்முடையதிலிருந்து வேறுபடும். அதனால் பூணூல், தர்ப்பை, சங்கல்பம் அச்சிட்ட தாள் எல்லாம் கையோடு கொண்டுபோங்கள். நாள் கணக்கில் சில ஆண்டுகள் ஒருநாள் முன்பின் ஆகும். நம் பஞ்சாங்கம், நேபாளப் பஞ்சாங்கம் இரண்டையும் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

ஆனால் அது உச்சகட்ட மழைக்காலம். காத்மாண்டிலிருந்து, மலைநடை தொடங்கும் துஞ்சேக்குப் போகும் சாலையில் மண்சரிவு, கீழ்க்காடுகளில் அட்டை, விடுதிகளில் படுக்க இடமில்லாத நெரிசல் எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். அந்த நாளில்தான் என்ற பிரார்த்தனை இல்லாதவர்களுக்கு அக்டோபர், நவம்பர் அல்லது ஏப்ரல், மே மாதங்களையே சொல்வோம். கணேஷ் ஹிமால், லாங்டாங் லிருங் சிகரங்கள் மேகமில்லாமல் தெரிவதும் அப்போதுதான்.

அம்மாவுக்கு 62 வயது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கின்றன. காத்மாண்டிலிருந்து நான்கே நாளில் போய்வந்துவிடலாம் என்கிறார் ஒரு ஏற்பாட்டாளர். நம்பலாமா?
– வாசகி, சேலம்

வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு மட்டுமல்ல, இருபது வயதுப் பையனுக்கும் அந்தத் திட்டம் வேண்டாம்.

துஞ்சே ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏரிவரை ஏறவேண்டியது இன்னும் 2,400 மீட்டர். ஏரிக்கரையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். உடம்பு அதற்குப் பழகச் சில இரவுகள் வேண்டும். நடைப்பயிற்சியும் யோகாவும் கால்களுக்கு உதவும், இந்தப் பழக்கத்துக்கு ஈடாகாது. திருவிழா சமயத்தில் இங்கே யாத்ரீகர்களைப் பரிசோதித்து 2000-ல் வெளியான மருத்துவ ஆய்வில் 68 சதவீதம் பேருக்கு மலைநோய் (உயரத்தில் பிராணவாயு குறைவதால் வரும் உபாதை) இருந்தது. விறுவிறுவென்று ஏறிவந்ததுதான் முக்கியக் காரணம்.

ஏழு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் காத்மாண்டிலிருந்து பேருந்திலோ ஜீப்பிலோ துஞ்சே. சாலை நன்றாக இருந்தாலே ஏழெட்டு மணி நேரம் ஆகும். இரண்டாம் நாள் சந்தன்பாரி (சிங் கோம்பா என்றும் சொல்வார்கள், சுமார் 3,300 மீட்டர்). பயணத்திலேயே செங்குத்தான ஏற்றம் இதுதான். ஒரே நாளில் 1,300 மீட்டர் ஏறுவதால் மூன்றாம் நாளும் அங்கேயே தங்கியாக வேண்டும். அன்று காலை மெதுவாக 200 மீட்டர் மேலே நடந்துவிட்டு, இறங்கிவந்து தூங்குங்கள். கோம்பாவையும் (புத்த மடாலயம்) பாலாடைக்கட்டி தயாரிக்கும் கூடத்தையும் பார்க்கலாம். நான்காம் நாள் சோலாங்பாட்டி வழியாக லௌரிபினா (3,900 மீட்டர்). ஐந்தாம் நாள் விடியலில் கிளம்பினால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் ஏரி. முதலில் சரஸ்வதி குண்டம் கீழே பள்ளத்தில் தெரியும், பிறகு பைரவ குண்டம், அதற்கப்புறம் கோசாயிகுண்டம். கடைசிப் பகுதி மலைச்சரிவை வெட்டிய ஒற்றையடிப் பாதை. எதிரே ஆள் வந்தால் மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். தரிசனம் முடித்து அன்றே சந்தன்பாரிக்கு இறங்கிவிடுங்கள். ஏரிக்கரையில் விடுதிகள் இருக்கின்றன. ஆனால் முதல்முறை போகும் வயதானவர்கள் அங்கே இரவு தங்காமல் இருப்பதே நல்லது.

அம்மாவுக்குக் கிளம்பும் முன் இதயப் பரிசோதனை அவசியம். கடுங்குளிரில் குளுக்கோமீட்டர் தவறான அளவு காட்டும், இன்சுலின் போடுபவர்களுக்கு அது உறைந்தால் பயன்படாது. இரண்டையும் உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள்.

மலைநோய்க்கு டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் போதாதா? கற்பூரம் முகர்ந்தால் மூச்சு சீராகும் என்கிறார்களே?
– வாசகர், திருநெல்வேலி

கற்பூரம் மூக்கடைப்பு நீங்கியதுபோல் ஓர் உணர்வைத் தரும், பிராணவாயுவைக் கூட்டாது. அங்கே விடுதிகளில் தரும் பூண்டு சூப்பும் அப்படித்தான். சூடான நீராகாரம் என்ற அளவில் நல்லது, மருந்தல்ல.

டயமாக்ஸ் (அசிட்டசோலமைடு) உண்மையாகவே உதவும். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையும் மாலையும், ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல் நுனியில் மதமதப்பும் அடிக்கடி சிறுநீரும் வரும், பயப்படாதீர்கள். சல்பா ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மாத்திரை போட்டதால் ஓய்வு நாளைத் தவிர்க்கலாம் என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

தலைவலியோடு குமட்டல், அசதி, தலைசுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலே மலைநோய் என்று வைத்துக்கொண்டு, அதற்குமேல் ஏறாமல் நில்லுங்கள். சந்தேகம் வந்தால் தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலும் பெருவிரலும் தொட பத்து அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ உடனே கீழே இறக்க வேண்டும், நள்ளிரவானாலும் சரி. "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று படுக்கவைத்துவிட்டு மற்றவர்கள் மேலே போவதால்தான் உயிர் போகிறது. இறங்குபவரோடு கட்டாயம் ஒருவர் துணைக்குப் போகவேண்டும்.

விரதம் இருப்பவர்கள் கஞ்சி, இளஞ்சூட்டு நீர், உப்பு சர்க்கரைக் கரைசல் குடித்தபடியே இருங்கள். நீர் வற்றிய தலைவலி மலைநோயோடு சேர்ந்துகொண்டால் எது எதுவென்று பிரித்தறிய முடியாது.

ஏரியில் முழுக்குப் போடலாமா?
– வாசகி, புதுச்சேரி

பலர் போடுகிறார்கள். ஆனால் குளிர்ந்த நீர் சட்டென்று மார்பில் பட்டதும் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், ரத்த அழுத்தம் தாவும். இதய நோயாளிகளும் முதியவர்களும் தீர்த்தம் தெளித்துக்கொண்டால் போதும். முழுகியே ஆகவேண்டும் என்பவர்கள் வந்ததும் வியர்வையோடு இறங்காதீர்கள். அரைமணி நேரம் உட்கார்ந்து, முதலில் கால், கை, முகம் நனைத்து, வெயில் இருக்கும்போதே மூன்று முழுக்கு. உடனே துவட்டி, உலர்ந்த உடுப்பும் கம்பளிக் குல்லாயும் போடுங்கள். மதியத்துக்குமேல் மூடுபனி ஏறிவிடும். சோப்பு வேண்டாம், ஈரத்துணியைக் கரையில் விட்டுவரவும் வேண்டாம். இது 2007 முதல் ராம்சார் (சர்வதேச ஈரநில ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள ஈரநிலம். கீழே ஊர்கள் குடிக்கும் தண்ணீர்.

என்ன ஆவணங்கள் வேண்டும்?
– வாசகர், கோவை

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். தேசியப் பூங்கா நுழைவுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், வழியில் கேட்பார்கள். ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய். துஞ்சேக்கு மேல் செலவுக்கு ரொக்கம்தான்.

திரும்பும்போது லௌரிபினா கணவாய் தாண்டி சுந்தரிஜல் வழியாகக் காத்மாண்டு வரலாமா?
– வாசகர், சென்னை

நல்ல வழிதான், இன்னும் நான்கைந்து நாள் பிடிக்கும். கணவாய் 4,610 மீட்டர். அதன் மறுபுறம் ஃபேதி, கோப்டே என்ற இடங்களில் பனி விழுந்தால் பாதை அடியோடு மறைந்துவிடும். 1991 டிசம்பரில் அந்த வட்டாரத்தில் வழிதவறிய ஓர் ஆஸ்திரேலிய மாணவர் 43 நாள் கழித்துத்தான் மீட்கப்பட்டார். வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். கிளம்பும் காலையில் பனி கொட்டிக்கொண்டிருந்தால் வந்த வழியே துஞ்சேக்கு இறங்கிவிடுங்கள்.