வெள்ளை உறையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: இங்கிலாந்தின் டயமண்ட் ஹெட் என்ற ஹெவி மெட்டல் ராக் குழு 1980இல் வெளியிட்ட முதல் எல்பி (பெரிய இசைத்தட்டு) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வெற்று வெள்ளை உறை, அதில் ஒரே ஒரு கையெழுத்து. “அசல் முதல் பதிப்பு” என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: இசைத்தட்டையும் கையெழுத்தையும் சரிபார்த்த பிறகு வாங்கலாம். உறையை மட்டும் பார்த்து வேண்டாம்.

பெரிய நிறுவனம் எதுவும் ஒப்பந்தம் போட முன்வராததால், ஸ்டௌர்பிரிட்ஜைச் சேர்ந்த அந்த நான்கு இளைஞர்கள் ஹேப்பி ஃபேஸ் என்ற சிறு இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரில் தாங்களே வெளியிட்ட தட்டு இது. முதலில் அடித்தது 1000 பிரதிகள்தான். உறையில் தலைப்பு இல்லை, பாடல் பட்டியலும் இல்லை. ஒவ்வொரு பிரதியிலும் குழுவில் யாரோ ஒருவர் கையெழுத்திட்டார். கச்சேரிகளிலும் தபால் வழியாகவும் விற்றார்கள். ‘லைட்னிங் டு தி நேஷன்ஸ்’ என்று நாம் இன்று சொல்வது முதல் பாடலின் பெயர்.

இதற்கு இவ்வளவு மவுசு வரக் காரணம் புகழ்பெற்ற அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா. அதன் டிரம் கலைஞர் லார்ஸ் உல்ரிச் 1981இல் இந்தக் குழுவைப் பார்க்கவே இங்கிலாந்து போய், கிதார் கலைஞர் பிரையன் டாட்லரின் வீட்டில் தங்கியவர். இந்தத் தட்டின் ஏழு பாடல்களில் நான்கை மெட்டாலிகா பிற்பாடு பதிவு செய்தது. ‘ஆம் ஐ ஈவில்?’ தொடக்கத்தைக் கேளுங்கள்: ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டின் ‘மார்ஸ்’ என்ற ஆர்கெஸ்ட்ரா இசையின் தாளத்தை நினைவூட்டும் கனத்த இடிகள், பிறகு கிதார் தனியாவர்த்தனம், அதன் பின்தான் அந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் வரி. மெட்டாலிகா வாசித்த வேகமான, முரட்டு இசையான திராஷ் மெட்டலின் விதை இங்கே இருக்கிறது என்று நான் தயங்காமல் சொல்வேன். 1982இல் எம்.சி.ஏ. என்ற பெரிய நிறுவனம் வெளியிட்ட இக்குழுவின் ‘பாரோட் டைம்’ ஆல்பத்தில் இதே பாடல் மறுபடி பதிவானது. இந்த முரட்டுத்தனம் அதில் இல்லை.

இனி சோதனை. எதுவும் அச்சிடாத உறையைப் போலி செய்வது சுலபம். சேதமான உறையை எடுத்துவிட்டு வேறொரு வெள்ளை உறையில் போட்டு விற்பவர்களும் உண்டு. ஆகவே தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகித லேபிளின் இருபக்கப் படங்களையும், பாட்டு முடிந்தபின் வரும் வழவழப்பான வளையத்தில் கீறியிருக்கும் எண்களின் படத்தையும் கேளுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்தால்தான் அந்தக் கீறல் தெரியும். இசைத்தட்டுப் பதிப்புகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் 1980 பிரிட்டிஷ் பதிப்புக்கு உள்ள பதிவோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். படம் தர மறுத்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து ஷான் ஹாரிஸ், டாட்லர், காலின் கிம்பர்லி, டங்கன் ஸ்காட் இவர்களில் ஒருவருடையதாக இருக்க வேண்டும். நால்வரும் போட்டிருந்தால் பின்னாளில் ரசிகர் யாரோ வாங்கிச் சேர்த்திருக்கலாம். அதுவும் நல்லதுதான், ஆனால் எப்போது, எங்கே வாங்கியது என்று கேளுங்கள். மை பளிச்சென்று புதிதாகவும் உறை பழுத்தும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

உறையில் உள்ளிருக்கும் தட்டின் விளிம்பு அழுந்திய வட்டத் தேய்மானமும் லேசான மஞ்சளும் இருந்தால் பயப்படாதீர்கள், வயதுக்கு அது இயல்பு. வாங்கிய பிறகு ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டாம். மை கரைந்தால் பாதி மதிப்பு போய்விடும். தபாலில் வருவதானால், தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு தனியாக வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளேயே வைத்து அனுப்பினால் போகிற வழியில் தட்டின் விளிம்பு உறையின் மடிப்பைக் கிழித்துவிடும்.