பற்றரி எச்சரிக்கை அணையாத ஸ்போர்ட்ஸ் கார்: விற்றவரிடம் என்ன கேட்கலாம்?

கேள்வி: வணக்கம் சேர். கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பிய காசில் கொழும்பில் ஒரு கார் சேலில் பாவித்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினேன். ஜெர்மன் தயாரிப்பு, இரண்டு சீட், கூரை மடிந்து பின்னால் போகும். பில் என் பெயரில். வாகனப் பதிவுப் புத்தகம் இன்னும் பெயர் மாறவில்லை. மனைவியின் பெயருக்கு மாற்றலாம் என்று ஓப்பின் பேப்பராக (வாங்குபவரின் பெயரை நிரப்பாத மாற்றப் படிவமாக) வைத்திருக்கிறேன். கொண்டுவந்து இரண்டு கிழமைக்குள் பற்றரி குறைவு என்ற எச்சரிக்கை வரத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பெரும்பாலும் ஓடுவேன். மூன்று நாள் நின்றால் கூரை திறக்காது, ஐந்தாம் நாள் ஸ்டார்ட்டே வராது. இங்கே ஒரு கடையில் புதுப் பற்றரி போட்டேன். ஒரு கிழமையில் எச்சரிக்கை திரும்பவும் வந்துவிட்டது. விற்றவர்கள், "வாறன்டி எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் மட்டும்தான், அதிலும் வெளியாட்கள் கை வைத்துவிட்டார்கள்" என்கிறார்கள். கடைசியாகக் கேட்டபோது, "கொழும்புக்குக் கொண்டு வாங்கோ, பாப்பம்" என்றார்கள். வாங்கி இரண்டரை மாதம் ஆகிறது. காரைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கலாமா? வழக்கை யாழ்ப்பாணத்தில் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது பற்றரி அல்ல, இரண்டரை மாதம் என்ற கணக்கு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ (சொல்லாமலே அடங்கியதாகவோ) தரப்பட்ட உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளை ஒரு வர்த்தகர் விற்றால் அதிகார சபையிடம் முறையிடலாம். ஆனால் அந்த முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேரவும் வேண்டும். பழுது தெரியவந்த நாளில் இருந்து அல்ல, விற்பனை நாளில் இருந்து. விற்றவர்கள் "பாப்பம், பாப்பம்" என்று சொல்லிக்கொண்டிருப்பது வேண்டுமென்றேதான் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் "பாப்பம்" இன்னும் ஒரு மாதம் நீண்டால் நட்டம் உங்களுக்கு மட்டும்தான்.

இதில் எல்லாமே ஒரு கேள்வியில் தங்கியிருக்கிறது: கார் உங்கள் கைக்கு வந்த அன்றே அந்தக் குறை அதற்குள் இருந்ததா? பற்றரி என்பது தேய்ந்து போகும் பொருள். பாவித்த காரில் இருந்த பழைய பற்றரி இரண்டு கிழமையில் செத்ததென்று யாரும் உங்களுக்கு நட்ட ஈடு தரப்போவதில்லை. யாழ்ப்பாணத்து வெயிலில் பற்றரியின் ஆயுள் குறையும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் புதுப் பற்றரி போட்டும் ஒரு கிழமையில் எச்சரிக்கை திரும்புகிறதென்றால் காருக்குள் ஏதோ ஒன்று மின்னைக் குடிக்கிறது, அல்லது கார் பற்றரியைச் சரியாகச் சார்ஜ் செய்வதில்லை, அல்லது போட்ட பற்றரியே அந்தக் காருக்கு உரியதல்ல. முதல் இரண்டும் பெரும்பாலும் விற்றவரின் தலையில் விழும். மூன்றாவது, பற்றரி போட்டுத் தந்த கடைக்காரரின் தலையில்.

கணக்கைப் பாருங்கள். பூட்டி நிறுத்திய ஒரு நவீன கார் உறங்கும்போது சுமார் 50 மில்லி அம்பியருக்குள் இழுப்பது வழமை. ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி. 70 அம்பியர் மணிப் பற்றரி அப்படிப் பாதியாக ஒரு மாதம் போல் ஆகும். அதே கார் 300 மில்லி அம்பியர் இழுத்தால் நாளுக்கு 7.2 அம்பியர் மணி. ஐந்தாம் நாள் பற்றரி பாதியில் நிற்கும். தொடக்கத்திலேயே முழுச் சார்ஜ் இல்லாத பற்றரி என்றால் ஸ்டார்ட் வராது. நீங்கள் சொன்ன ஐந்து நாள் கணக்கு இதற்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. "ஞாயிறு மட்டும் ஓடினால் இப்படித்தான், உங்கள் பாவனைதான் பிழை" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கட்டாயம் சொல்வார். ஒரு கிழமை நிற்பதை ஆரோக்கியமான கார் தாங்கும் என்று காட்ட உங்களுக்கு இந்த எண்கள் வேண்டும்.

ஆகவே சட்டத்தரணியிடம் வரமுன்னர் ஒரு நல்ல ஒட்டோ எலெக்ரீசியனிடம் போங்கள். பற்றரிக் கடைக்கு அல்ல, வயரிங் தெரிந்தவரிடம். கிளாம்ப் மீற்றர் (வயரைக் கழற்றாமல் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) இருக்கிறதா என்று முதலே கேளுங்கள். பொனெற் திறந்திருந்தாலும் அதன் பூட்டை ஸ்குரூ டிறைவரால் தட்டி, மூடியிருப்பதாகக் காரை நம்பவைக்க வேண்டும். திறப்பைக் காருக்குத் தூரமாக வைத்துவிட்டு, கார் முழுதாக உறங்கும் வரை ஒரு மணித்தியாலம் அளவில் பொறுத்திருந்துதான் அளக்க வேண்டும். அவசரப்பட்டு அளந்தால் பெரிய எண் ஒன்று வரும். அந்த அறிக்கையை எதிர்த்தரப்பு ஐந்து நிமிடத்தில் கிழித்துவிடும். எந்தப் பக்கம் மின் போகிறதென்று பார்க்க பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவதும் நல்லதல்ல, கழற்றிப் போடும்போது உறங்கிய கணினிகள் விழித்துக்கொள்ளும். பியூஸின் இரு முனைக்கும் இடையில் வோல்ற்று வீழ்ச்சியை அளந்தாலே போதும்.

பிறகு அதை எழுத்தில் வாங்குங்கள். திகதி, செசி இலக்கம், ஓடிய கிலோமீற்றர், ஓய்வில் பற்றரியின் வோல்ற்று (முழுச் சார்ஜில் 12.6 அளவில் இருக்க வேண்டும்), எஞ்சின் ஓடும்போது எவ்வளவு, உறக்கத்தில் எத்தனை மில்லி அம்பியர், எந்தப் பியூஸ் வழியாக, அந்த வயரின் நுனியில் என்ன இருந்தது. கீழே பெயரும் கையெழுத்தும். வழக்கென்று போனால் அவரே சாட்சிக் கூட்டில் ஏறவேண்டி வரலாம், அதற்கு உடன்படும் ஆளாகப் பிடியுங்கள். சும்மா "வயரிங் கோளாறு" என்று துண்டில் எழுதித் தந்தால் அது எனக்கு உதவாது.

அந்த வயரின் நுனியில் என்ன இருக்கும்? டாஷ் கமரா, அலாம், டிக்கியில் ஒளித்த அம்பிளிபயர், மூடியபின்னும் அணையாத டிக்கி லைற் என்று எதுவும் இருக்கலாம். ஆனால் நான் முதலில் தேடச் சொல்வது ஜிபிஎஸ் ட்ராக்கரை. லீசிங்கில் ஓடிய வாகனங்களுக்குக் கம்பனிகள் ட்ராக்கர் பூட்டுவது இங்கே சாதாரணம். லீசிங் முடிந்தபின் அதைக் கழற்ற மறந்திருந்தால் விடயம் சின்னது. முடியாமலே இருந்தால்?

உங்கள் புத்தகம் இன்னும் ஓப்பின் பேப்பரில் கிடக்கிறது என்று எழுதினீர்கள். பற்றரியை விட எனக்கு இதுதான் பயம். லீசிங் நிலுவை இருக்கும்வரை வாகனத்தின் முழு உரிமை லீசிங் கம்பனிக்கு. புத்தகத்திலும் அந்தப் பெயர் நிற்கும். அதை நீக்காமல் உங்கள் மனைவியின் பெயருக்கு மாற்ற முடியாது. ட்ராக்கர் கிடைத்தால் அதைப் பிடுங்கி எறியாமல், இருந்த இடத்திலேயே படம் எடுத்து, அதன் இலக்கத்தைக் குறித்துவிட்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரத்தை எடுத்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் உடனே பெயரை மாற்றுங்கள். கைமாறிய வாகனத்துக்குச் சட்டம் தரும் 14 நாள் அவகாசம் உங்களுக்கு எப்போதோ போய்விட்டது.

சரி, யார்மேல் முறையிடுவது? இதைக் கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் பில்லை எடுத்துப் பாருங்கள். கார் சேல்களில் நிற்கும் வாகனங்களில் ஒரு பகுதி அவர்களுடையதல்ல. தனியாள் கொண்டுவந்து நிறுத்த, இவர்கள் கொமிஷனுக்கு விற்றுக்கொடுப்பார்கள். பில்லில் கார் சேலின் பெயரும் முத்திரையும் இருந்தால் நல்லது. அதில் ஒரு தனியாளின் பெயர் இருந்தால் "நாங்கள் தரகர் மட்டும்" என்று கையை விரிப்பார்கள். 13ஆம் பிரிவு வர்த்தகரைப் பற்றியது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் உள்ள, பொருள் விற்கத் தகுந்த தரத்தில் இருக்கவேண்டும் என்ற உட்கிடையான நிபந்தனையும் அந்த வகைப் பொருளை வியாபாரமாக விற்பவருக்குத்தான். அப்படி ஒரு பில் என்றால், விளம்பரத்தை யார் போட்டது, காசு யாருடைய கணக்குக்குப் போனது, வாறன்டியை யார் வாயால் சொன்னது என்பதெல்லாம் ஆதாரமாகும். வங்கிப் பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள்.

காசு அண்ணாவுடையது, புத்தகம் மனைவிக்கு, பில் உங்களுக்கு. குழப்பமாகத் தெரிந்தாலும் பதில் இலேசு: ஒப்பந்தம் செய்தவர் நீங்கள், முறைப்பாடும் உங்கள் பெயரில்தான். கார் அசையும் சொத்து. தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்ட மனைவி கணவனின் எழுத்துச் சம்மதம் கேட்க வேண்டிய இடம் காணியும் வீடும்தான். நாளை அவர் இந்தக் காரை விற்க நினைத்தால் உங்களைக் கேட்கச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தாது. வீட்டில் அதற்கு வேறு சட்டம் இருக்கலாம்.

"எஞ்சின், கியர்பொக்ஸ் மட்டும்" என்ற வாறன்டி அவர்கள் எழுதித் தந்தது. சட்டம் தரும் உட்கிடையான நிபந்தனை அதற்கு மேலானது. எழுதித் தந்த ஒன்று இருக்கிறதென்பதால் எழுதாதது இல்லாமல் போகாது. பில்லின் அடியில் "பார்த்தபடி, உள்ளபடி" என்று அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். பாவனையாளருக்கு எதிராக இப்படிப் பொறுப்பைக் கழுவும் வாசகங்களை 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தைக் கொண்டு எதிர்க்கலாம். நீங்கள் காரைப் பார்த்துத்தான் வாங்கினீர்கள் என்பார்கள். பார்த்தால் தெரியக்கூடிய குறைக்குத்தான் அந்த வாதம் செல்லும். ஐந்து நாள் நிறுத்திவைத்தால் மட்டும் தெரியும் குறையை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

"வெளியாட்கள் கை வைத்தார்கள்" என்பது கொஞ்சம் பலமான வாதம். எச்சரிக்கை முதலில் வந்தது, பற்றரி மாற்றியது பிறகு என்பதை நீங்கள் காட்ட வேண்டும். டாஷ்போர்டைப் படம் எடுத்து அவர்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பீர்கள்தானே, அந்தத் திகதி பொன் போன்றது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் அந்தச் செய்திகளைச் சான்றாக முன்வைக்கலாம். வழக்கு முடியும்வரை அந்தப் போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். இன்னொன்று, இப்படியான கார்களுக்கு வழமையாக ஏஜிஎம் பற்றரிதான் (அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் வகை) வேண்டும், போட்டபின் புதிது போட்டாயிற்று என்று காரின் கணினிக்குப் பதியவும் வேண்டும். கடைக்காரர் சாதாரணப் பற்றரியைப் போட்டுப் பதியாமல் அனுப்பியிருந்தால் இரண்டாம் முறை வந்த எச்சரிக்கைக்கு அவரே காரணமாக இருக்கலாம். அப்போது அவரிடம் மாற்றித்தரக் கேளுங்கள். கவனத்தோடும் திறனோடும் சேவை செய்யவேண்டிய கடமை அவருக்கும் உண்டு. எலெக்ரீசியனின் அறிக்கை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டட்டும்.

காசு முழுதாகத் திரும்புமா? நீதிமன்றத்தில் கஷ்டம். இரண்டரை மாதம் ஓட்டி, பற்றரியும் மாற்றியபின் நீங்கள் காரை ஏற்றுக்கொண்டவராகிவிடுவீர்கள். அதற்குப் பிறகு கேட்கக்கூடியது நட்ட ஈடு. அதாவது திருத்தச் செலவும், குறையால் குறைந்த பெறுமதியும். அதிகார சபைக்கு நட்ட ஈடு, மாற்றீடு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றையும் கட்டளையிட அதிகாரம் உண்டு. ஆனாலும் ஒரு ட்ராக்கரைக் கழற்றினால் தீரும் குறைக்கு முழுக்காசைத் திருப்பித் தரச் சொல்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திருத்தச் செலவையும் பற்றரிக் காசையும் கேளுங்கள். நியாயமான தொகையைக் கேட்பவரின் பேச்சு விசாரணையில் எடுபடும்.

வழக்கைப் பொறுத்தவரை, எதிராளி வசிக்கும் இடத்திலோ, ஒப்பந்தம் நடந்த இடத்திலோ, வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோ உள்ள மாவட்ட நீதிமன்றத்தில்தான் போடலாம். கொழும்புக்குப் போய்ப் பார்த்து, அங்கேயே கையெழுத்து வைத்து வாங்கியிருந்தால் அது கொழும்பு வழக்கு. தவணைக்குத் தவணை இரவு பஸ் ஏறுவதற்கு இந்தப் பிரச்சினை பெறுமதியானதல்ல என்பது என் அபிப்பிராயம். எழுத்து ஒப்பந்தமாக இருந்தால் வழக்குக்கு ஆறு வருடம் அவகாசம் இருக்கிறது, அந்தக் கதவு இப்போது மூடப்போவதில்லை. மூடப்போவது மூன்று மாதக் கதவு. அதிகார சபைக்கு யாழ் மாவட்டச் செயலகத்தில் எழுத்து முறைப்பாடு கொடுங்கள், சட்டத்தரணி கட்டாயமில்லை. 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம், ஆனால் அழைத்ததோடு நிற்க வேண்டாம். எழுத்தில் கொடுத்து, ஏற்றுக்கொண்ட முத்திரையோடு பிரதி வாங்குங்கள்.

அதற்கு முன், எலெக்ரீசியனின் அறிக்கை கைக்கு வந்த அன்றே விற்றவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். நீளமாக வேண்டாம், கோபமும் வேண்டாம். இப்படி:

"இத்தனையாம் திகதி உங்களிடம் வாங்கிய, மேலே செசி இலக்கம் குறிப்பிட்ட வாகனத்தில் பற்றரி குறைவு எச்சரிக்கை இத்தனையாம் திகதி தொடங்கியது, அன்றே உங்களுக்கு வட்ஸ்அப்பில் அறிவித்தேன். புதுப் பற்றரி போட்டபின்னும் குறை தொடர்கிறது. பரிசோதனை அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. வாகனம் யாழ்ப்பாணத்தில் உங்கள் பரிசோதனைக்குத் தயாராக உள்ளது. 10 நாட்களுக்குள் உங்கள் செலவில் திருத்தித் தரவும், அல்லது இணைத்துள்ள மதிப்பீட்டுத் தொகையைச் செலுத்தவும். தவறினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன்."

அந்த 10 நாள் முடிய உங்கள் மூன்று மாதமும் முடியும் போலிருந்தால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். கடைசி வரியை மாற்றி, முறைப்பாட்டையும் அதே நாளில் கொடுத்துவிடுங்கள்.

கொழும்புக்கு ஓட்டிக்கொண்டு போகலாமா என்பதற்கு: எலெக்ரீசியன் பார்க்காமல் வேண்டாம். சார்ஜ் குறைந்த காரோடு 400 கிலோமீற்றர், அதுவும் முறிகண்டி தாண்டி இரவில் நின்றால் அந்தச் செலவையும் பிறகு யார் கொடுப்பதென்று சண்டை பிடிக்க வேண்டும். அவர்களின் ஆள் இங்கே வரட்டும், அல்லது ரிக்கவரி வாகனச் செலவை ஏற்பதாக எழுதித் தரட்டும். போவதென்று முடிவெடுத்தால், கொடுக்கும்போதே ஜொப் கார்ட்டில் "பற்றரி குறைவு எச்சரிக்கை, நிறுத்திவைத்தால் மின் இறங்குகிறது" என்று எழுதுவித்து ஒரு பிரதி வாங்காமல் திறப்பைக் கையில் கொடுக்க வேண்டாம்.